ஓசூரில் 9.56 லட்சம், கோவையில் 7.39 லட்சம்: இரண்டில் எதை ஏற்பது?

கேள்வி
கிணத்துக்கடவான் | 19 ஆகஸ்ட் 2025

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 28 வயது. இயந்திரப் பொறியியல் படித்தவன். ஒரகடம் சிப்காட்டில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 2021 சனவரி 18 அன்று சேர்ந்து, இன்றுவரை அங்கேயே இருக்கிறேன். பேசிக் 24,000 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு 38,000 வருகிறது. சம்பள உயர்வு பெயரளவில் மட்டுமே இருப்பதால் வேறு வேலை தேடினேன். ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது.

முதலாவது, ஓசூருக்கு அருகில் மின்சார ஸ்கூட்டர்களுக்கு மோட்டாரும் கன்ட்ரோலரும் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம். சிடிசி, அதாவது நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செலவிடுவதாகக் காட்டும் மொத்தத் தொகை, 9.56 லட்சம். அதில் மாதம் பேசிக் 32,000, வீட்டு வாடகைப் படி 12,800, ஸ்பெஷல் அலவன்ஸ் 12,200. இவை தவிர, ஆண்டுக்கு வேரியபிள் பே (இலக்கைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை) 1,20,000, ஜாயினிங் போனஸ் 1,00,000, நிறுவனத்தின் பி.எஃப் பங்கு 21,600, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 18,470, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000 என்று போட்டிருக்கிறார்கள். 18 மாதத்துக்குள் விலகினால் ஜாயினிங் போனஸை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். மூன்று ஷிப்ட் சுழற்சி. நோட்டீஸ் பீரியட் 90 நாள்.

இரண்டாவது, கோவை மலுமிச்சம்பட்டிப் பக்கம் உள்ள பம்ப், மோட்டார் நிறுவனம். சிடிசி 7.39 லட்சம். மாதம் பேசிக் 30,000, வீட்டு வாடகைப் படி 12,000, இதர படிகள் 10,000. நிறுவனத்தின் பி.எஃப் பங்கு ஆண்டுக்கு 43,200, கிராஜுவிட்டி 17,316, பெற்றோரையும் சேர்த்த மருத்துவக் காப்பீட்டுக்கு 24,000, தீபாவளி போனஸ் 30,000. பகல் வேலை மட்டுமே. பதவி உதவி மேலாளர். எனக்குக் கீழே நான்கு ஆய்வாளர்கள் இருப்பார்கள். இரண்டு ஆண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். முன்பே விலகினால் 75,000 ரூபாய் கட்ட வேண்டும்.

என் வீடு கிணத்துக்கடவில் இருக்கிறது. மலுமிச்சம்பட்டிக்கு இருசக்கர வண்டியிலேயே போய் வந்துவிடலாம். அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மா தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறார். ஓசூர் என்றால் வாடகை 11,000, சாப்பாட்டுச் செலவு 5,000 ஆகும் என்று அங்குள்ள நண்பர் சொன்னார்.

இப்போதைய நிறுவனத்தில் எனக்கு 60 நாள் நோட்டீஸ் உண்டு. ஓசூர்க்காரர்கள் 30 நாளில் சேரச் சொல்கிறார்கள். மீதி நோட்டீஸுக்குக் கட்ட வேண்டிய தொகையைத் தாங்களே கொடுத்துவிடுவதாகவும் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கோவைக்காரர்கள் 60 நாள் காத்திருக்கத் தயார். வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது ஊரைக் காரணமாகச் சொல்லி அதை விடுவது புத்திசாலித்தனமா என்று வீட்டிலேயே இரண்டு கட்சியாகிவிட்டது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் 1
சம்பளச்சீட்டு | 19 ஆகஸ்ட் 2025

நண்பருக்கு வணக்கம். நான் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்ப்பவன். எந்த வேலை நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு லட்சம் வித்தியாசம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட முடியும்.

ஓசூரில் மாத மொத்தச் சம்பளம் 57,000. பி.எஃப் 1,800, தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 208 போனால் 54,992 கைக்கு வரும். கோவையில் 52,000 மொத்தம்; பி.எஃப் 3,600, தொழில் வரி 208 போக 48,192. ஆக, மாதம் உங்கள் வங்கிக் கணக்கில் தெரியும் வித்தியாசம் 6,800 ரூபாய்தான். பி.எஃப் ஏன் இப்படி வேறுபடுகிறது என்றால், சட்டப்படி 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு மட்டும் 12 சதவீதம் கட்டினால் போதும். ஓசூர் நிறுவனம் அந்த உச்சவரம்போடு நின்றுவிட்டது. கோவை நிறுவனம் முழு பேசிக்குக்கும் கட்டுகிறது. எனவே உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து ஓசூரில் மாதம் 3,600, கோவையில் 7,200. கைக்கு வராவிட்டாலும் அது உங்கள் பணம். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். இதையும் சேர்த்துப் பார்த்தால் மாத வித்தியாசம் 3,200 ஆகச் சுருங்கிவிடுகிறது. இந்த நிதியாண்டில் புதிய வரித் திட்டத்தின்படி இரண்டு சம்பளத்துக்குமே வருமான வரி வராது என்பதால் அந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

அடுத்து, சிடிசியில் ஒருமுறை மட்டும் வருவது, வந்தாலும் வரும் வராமலும் போகும் என்பது, உங்கள் கைக்கே வராதது என்று மூன்று வகை கலந்து கிடக்கின்றன. ஜாயினிங் போனஸ் முதல் வகை. இரண்டாம் ஆண்டில் உங்கள் சிடிசி, உயர்வு எதுவும் இல்லையென்றால், 8.56 லட்சம்தான். வேரியபிள் பே இரண்டாம் வகை. சென்ற ஆண்டு உங்கள் நிலையில் இருந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எச்.ஆரிடம் நேரடியாகக் கேளுங்கள். கிராஜுவிட்டி என்று போட்டிருப்பது பேசிக்கில் 4.81 சதவீதம். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கிலிருந்து வருவது அது. ஐந்தாண்டு இருந்தால்தான் கிடைக்கும் தொகையை ஒவ்வோர் ஆண்டும் உங்களுக்குக் கொடுப்பதாகக் காட்டுகிறார்கள். இதை இரண்டு நிறுவனங்களும் செய்திருக்கின்றன. ஊரில் எல்லா நிறுவனமும் செய்வதுதான்.

வேரியபிள் 70 சதவீதம் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். ஓசூரில் முதலாண்டு கைக்கு வருவது ஏறத்தாழ 8,44,000. வாடகை, சாப்பாடு 1,92,000 போனால் 6,52,000. கோவையில் 6,08,000, பெட்ரோலுக்கு ஆண்டுக்கு 30,000 போக 5,78,000, கூடுதல் பி.எஃப் 43,200 சேர்த்தால் 6,21,500. முதலாண்டில் ஓசூர் 30,000 அளவுக்கு முந்துகிறது. ஜாயினிங் போனஸ் இல்லாத இரண்டாம் ஆண்டில் கோவை ஏறத்தாழ 70,000 முந்துகிறது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். இதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. உங்கள் இப்போதைய நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் 2025 சனவரி 17 அன்று முடிந்துவிட்டன. கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டு தொடர் பணி வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வாரம் ஆறு நாள் வேலை செய்யும் உங்களுக்கு அந்த 240 பொருந்தும். சம்பளத்துடன் கூடிய வார விடுமுறையை இதில் சேர்ப்பதா என்று எச்.ஆர் வாதம் செய்யக்கூடும். அதனால் ஞாயிறுகளைக் கழித்தே எண்ணிப் பார்த்தேன். வரும் திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்து 30 நாளில் விலகினால் 215 நாள் அளவில் நின்றுவிடுகிறீர்கள். முழு 60 நாளும் இருந்து அக்டோபர் 24 அன்று விலகினால் 240 வந்துவிடுகிறது. தொகை, 24,000 பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் 5. அதாவது ஏறத்தாழ 69,000 ரூபாய். ஓசூர் நிறுவனம் பெருந்தன்மையோடு நோட்டீஸ் பணத்தைக் கட்டி உங்களை முன்கூட்டியே கூட்டிக்கொண்டு போனால், நீங்கள் இழக்கும் தொகை முதலாண்டில் அங்கே கிடைக்கும் 30,000 ஆதாயத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எங்கே போனாலும் சரி, அக்டோபர் 24க்கு முன் விலகாதீர்கள்.


பதில் 2
ராயக்கோட்டை ரோடு | 20 ஆகஸ்ட் 2025

ஓசூரில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மின்சார வாகனத் தொழிலில்தான் இருக்கிறேன். மேலே உள்ளவர் போட்ட கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கணக்கில் வராத சிலவற்றைச் சொல்கிறேன்.

வேரியபிள் பே 70 சதவீதம் என்று வைத்தது கொஞ்சம் தாராளம் என்றே எனக்குப் படுகிறது. இருசக்கர மின்வாகனத்துக்கு மத்திய அரசு தந்த மானியம், ஃபேம் என்ற மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 மார்ச்சில் முடிந்தபோதே குறைந்தது; இப்போதுள்ள பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சென்ற ஆண்டு பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட்-மணி அளவுக்கு 5,000 ரூபாயாக இருந்தது, இந்த ஏப்ரல் முதல் 2,500 ஆகிவிட்டது. அதோடு, இந்த ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து மோட்டார் தயாரிக்கும் எல்லோருக்கும் தலைவலிதான். உங்களுக்கு ஆஃபர் கொடுத்திருப்பதும் மோட்டார் நிறுவனம். காந்தம் வராமல் லைன் நின்றால் உற்பத்தி இலக்கு தவறும். இலக்கு தவறினால் வேரியபிளில் கை வைப்பார்கள். அது உங்கள் வேலைத்திறனைப் பொறுத்தது அல்ல.

மூன்று ஷிப்ட் சுழற்சியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறும்போது உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். தரப் பிரிவுக்காரருக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. இரவு ஷிப்டில் பிரிவுத் தலைவர் இருக்கமாட்டார். விடியற்காலை இரண்டு மணிக்கு ஒரு லாட்டை (ஒரே தொகுதியாகச் செய்த பாகங்களை) நிறுத்துவதா விடுவதா என்று லைன் சூப்பர்வைசர் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்பார். நிறுத்தினால் காலையில் உற்பத்திப் பிரிவு கேட்கும், விட்டால் அடுத்த வாரம் வாடிக்கையாளர் கேட்பார். இது பிடித்த வேலை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்பாவின் உடல்நிலை வேறு. ஓசூரிலிருந்து கோவைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 2023 டிசம்பரில் விட்ட வந்தே பாரத் ஓசூரில் நிற்பதால் பயணம் முன்பு போல் இல்லை என்றாலும், இரவில் ஒரு தொலைபேசி வந்தால் ரயில் நேரம் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

ஓசூரின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஏத்தர், டிவிஎஸ் இரண்டும் இங்கேயே மின் ஸ்கூட்டர் செய்கின்றன. ஓலாவின் தொழிற்சாலையும் இதே மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் இருக்கிறது. இவர்களுக்குப் பாகம் கொடுப்பவர்களும் சுற்றிலும் இருக்கிறார்கள். ஒரு நிறுவனம் சரியில்லை என்றால் வாடகை வீட்டை மாற்றாமலே அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம். இருந்தும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் கிணத்துக்கடவுக்குத்தான் போவேன்.


கேட்டவர்
கிணத்துக்கடவான் | 20 ஆகஸ்ட் 2025

இருவருக்கும் நன்றி. கிராஜுவிட்டி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஐந்தாண்டு முடியாவிட்டால் ஒன்றும் கிடையாது என்றுதான் எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள்.

வேலையின் தன்மையைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். ஓசூரில் சப்ளையர் தரம். வெளியிலிருந்து வரும் ஸ்டாம்பிங், காந்தம், டை காஸ்ட் ஹவுசிங் ஆகியவற்றுக்குப் பிபிஏபி கோப்பு (பாகத்தை உற்பத்திக்கு ஏற்கலாம் என்பதற்கான சான்றுக் கோப்பு) பார்ப்பது, சப்ளையர் இடத்துக்குப் போய் ஆடிட் செய்வது. இப்போது நான் செய்வதன் அடுத்த படி அது. கோவையில் வார்ப்பு ஆய்வு, இறுதி ஆய்வு, டெஸ்ட் பெட் (பம்பை ஓட்டிச் சோதிக்கும் மேடை) மூன்றும் என் பொறுப்பில் வரும். அந்தத் துறையைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. பம்ப் துறையில் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பதில் 3
டெஸ்ட்பெட் | 21 ஆகஸ்ட் 2025

தம்பி, நான் கோவையில் பம்ப் தொழிலில் தரப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஓசூருக்குப் போகச் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். (ஓசூரில் இருப்பவர் கோவைக்குப் போகச் சொல்கிறார், கோவையில் இருப்பவன் ஓசூருக்குப் போகச் சொல்கிறேன், கேட்டவர் பாடு திண்டாட்டம்தான்.)

முதலில், பம்ப் தொழில் மட்டமானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தரநிலையின்படி ஒரு நீர்மூழ்கி பம்ப்செட்டை டெஸ்ட் பெட்டில் ஏற்றி, வால்வைப் படிப்படியாகத் திறந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஹெட் (நீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் நீரின் அளவு), மின்சாரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வளைவு வரைந்து, பெயர்ப்பலகையில் போட்ட அளவுக்கு அது நிற்கிறதா என்று பார்ப்பது உண்மையான பொறியியல். இம்பெல்லர் வார்ப்பில் நீர்ப்பாதைக்குள் இருக்கும் சிறு பிசிறு திறனில் எவ்வளவு தின்னும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். பிஎம் குசும் திட்டம் 2019ல் வந்தபிறகு சூரிய சக்தி பம்புகளால் தொழிலுக்குப் புது உயிரும் வந்திருக்கிறது.

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் நான்கரை ஆண்டு வாகனத் துறையில் இருந்திருக்கிறீர்கள். வாகனத் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 தணிக்கை, கன்ட்ரோல் பிளான், பழுது எங்கே வரலாம் என்று முன்பே ஆராயும் எஃப்எம்இஏ, வந்த குறையின் காரணத்தைத் தேடித் தீர்க்கும் எட்டு டி அறிக்கை ஆகிய பழக்கங்களுக்கு வாகனத் துறையில் எங்கே போனாலும் மதிப்பு உண்டு. மோட்டார் மாறினாலும் கோப்பின் இலக்கணம் மாறாது. பம்ப் துறையில் பெரிய நிறுவனங்கள் சிலவற்றைத் தவிர மற்ற இடங்களில் இவற்றை அந்த அளவுக்குக் கேட்பவர் இல்லை. மூன்றாண்டு கழித்து வாகனத் துறைக்குத் திரும்ப நினைத்தால், நேர்காணல் செய்பவர் உங்கள் கடைசி மூன்றாண்டைத்தான் பார்ப்பார். ஓசூரிலிருந்து பம்புக்கு 35 வயதில் வந்தால் வரவேற்பார்கள். பம்பிலிருந்து ஓசூருக்கு 31 வயதில் போவது அத்தனை எளிதல்ல.

இன்னொன்று. உதவி மேலாளர் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்கு மேல் இருக்கும் நாற்காலியில் யார் இருக்கிறார், எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று கேளுங்கள். குடும்ப நிறுவனங்களில் அந்த நாற்காலி இருபது ஆண்டுக்கு ஒருமுறைதான் காலியாகும்.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒரு கேள்வியை இரண்டு இடத்திலும் கேளுங்கள். தரப் பிரிவு யாருக்குப் பதில் சொல்கிறது? நேராக ஆலைத் தலைவருக்கோ நிர்வாக இயக்குநருக்கோ என்றால் நல்லது. உற்பத்தி மேலாளருக்கு என்றால், மாதக் கடைசி மூன்று நாளில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். டெஸ்ட் பெட்டில் திறன் இரண்டு சதவீதம் குறைவாக வந்த லாட் ஒன்று ஓரமாக அடுக்கி வைத்திருக்கும். லாரி வாசலில் நிற்கும். டீவியேஷன் நோட்டு என்று, அளவு தவறிய லாட்டை அனுப்ப அனுமதிக்கும் ஒரு தாளை நீட்டுவார்கள். இந்த முறை மட்டும் என்று அதில் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். கேட்பவரே உங்கள் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவராகவும் இருப்பார். வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக அந்த இடத்தில் போய் உட்காராதீர்கள்.

நிறுவனத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். அவர்கள் உற்பத்திக்குக் கீழே தரப் பிரிவை வைக்கவில்லை என்றால் என் கருத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


பதில் 4
நெகமம் | 21 ஆகஸ்ட் 2025

டெஸ்ட்பெட் ஐயா தொழிலைப் பற்றிச் சொன்னது சரி. அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் காப்பீட்டுத் துறையில் இருப்பதால் அந்தப் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு வெளியில் தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். பாலிசி தர மறுப்பவர்களும் உண்டு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆகவே கோவை ஆஃபரில் உள்ள 24,000 ரூபாய் பிரீமியத்தின் உண்மையான மதிப்பு 24,000 அல்ல. அதே சமயம், பல நிறுவனங்களில் பெற்றோரை நம் செலவில் குழுக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கும். சேர்ந்த உடனே சொல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டும். ஓசூரில் அப்படி வசதி உண்டா, முன்பே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்து பாதுகாப்பு உண்டா, அறை வாடகைக்கு உச்சவரம்பு எவ்வளவு என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். கோவையிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பெற்றோரைச் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு இதயச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு வைத்த பாலிசிகளையும் பார்த்திருக்கிறேன்.

75,000 ரூபாய் ஒப்பந்தத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. அப்படிப்பட்ட பத்திரம் செல்லாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். மூன்றாண்டுக்குள் விலகியவரிடம் இரண்டு லட்சம் வசூலித்த ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் இந்த மே மாதம்தான் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனத்துக்கு அது அப்படியே பொருந்துமா என்பது தனி வாதம். ஆனால் கையெழுத்துப் போட்டால் கட்ட வேண்டிவரும் என்று நினைத்தே போடுங்கள்.


கேட்டவர்
கிணத்துக்கடவான் | 24 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை கெடுவைத் திங்கட்கிழமை வரை நீட்டிக்கும்படி ஓசூர் எச்.ஆரிடம் கேட்டேன், மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கெடு அவ்வளவு இறுக்கமானது அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே கேள்விகளை அனுப்பினேன். ஓசூரில் தரப் பிரிவு ஆலைத் தலைவருக்கு நேராகப் பதில் சொல்கிறது. சப்ளையர் தரப் பணிக்கு ஆறு மாதப் பயிற்சிக் காலம் முடிந்ததும் ஷிப்ட் சுழற்சி கிடையாது, பகல் வேலைதான் என்று மின்னஞ்சலிலேயே எழுதிக் கொடுத்தார்கள். நேர்காணலில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெற்றோரை என் செலவில் குழுக் காப்பீட்டில் சேர்க்கலாம், முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இல்லை. பிரீமியத்தை மாதந்தோறும் சம்பளத்தில் பிடிப்பார்கள். அக்டோபர் 27 அன்று சேரச் சம்மதித்துவிட்டார்கள். வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்பதற்கு மட்டும் எழுத்தில் பதில் இல்லை. தொலைபேசியில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றார்கள். அதைப் பாதி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கோவையில் தரப் பிரிவு உற்பத்தி மேலாளரின் கீழ் இருக்கிறது. எனக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்ற கேள்விக்கு, சொந்தக் காரணம் என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. பி.எஃப், காப்பீடு ஆகியவற்றில் அவர்கள் சொன்னபடியே எல்லாம் நேர்மையாக இருக்கிறது, மரியாதையாகவும் பேசினார்கள். அதனால் மறுப்பதற்கு மனம் சங்கடப்பட்டது.

ஓசூரை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டில் கையிருப்புக் குறையும் என்று தெரிந்தேதான் எடுக்கிறேன். வீட்டில் அம்மாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. சித்தப்பா பக்கத்துத் தெருவில் இருப்பதால் அவசரம் என்றால் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நாளை காலை ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறேன்.


பதில் 5
சம்பளச்சீட்டு | 24 ஆகஸ்ட் 2025

வாழ்த்துகள். கடிதம் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஓசூரில் ஒப்புக்கொண்ட சேரும் தேதி, ஷிப்ட், காப்பீடு மூன்றும் தனி மின்னஞ்சல்களாக இருந்தால், திருத்திய ஆஃபர் லெட்டரில் அவற்றைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்தபிறகே ராஜினாமா. ஒருநாள் தாமதமானாலும் பரவாயில்லை; விலகும் தேதி அக்டோபர் 24க்கு முன்னால் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். நோட்டீஸ் காலத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுக்காதீர்கள், அது 240ல் குறையும். தீபாவளி அக்டோபர் 20 அன்று வருவதால் விடுப்புக் கேட்கத் தோன்றும். கணக்கில் இருக்கும் ஈட்டிய விடுப்பை மட்டும் எடுங்கள்.

விலகியபின் கிராஜுவிட்டிக்குப் படிவம் 1ஐ 30 நாளுக்குள் நீங்களே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனமும் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு ஆகவில்லை என்று மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு தொழிலாளர் துறையில் உள்ள கிராஜுவிட்டிக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். பி.எஃப் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் எனும் பி.எஃப் பொது எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றிவிடுங்கள்; ஐந்தாண்டு தொடர் பணி முடியுமுன் எடுத்தால் அதற்கு வரி உண்டு. ஓசூரில் சேரும் நாளில், முழு பேசிக்குக்கும் பி.எஃப் பிடிக்கச் சொல்லி விருப்பம் தெரிவிக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். நிறுவனம் தன் பங்கை உயர்த்தாவிட்டாலும் உங்கள் பங்கை நீங்கள் உயர்த்திக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது.